ஏழு விநாடிக்கு ஒரு சொட்டு

முப்பத்தோரு வருஷமாகக் குழாய் வேலை பார்ப்பவர் அவர். உலகத்தில் ஒழுகலைவிடப் பெரிய பாவம் உண்டென்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். வேலை முடிந்ததும் குழாய்க்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் போவார். மறுநாள் வந்து தடவிப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஸ்பேனர் பைக்குள் போகும். ஈரமிருந்தால், வீட்டுக்காரர் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் மறுபடி தரையில் மல்லாந்துவிடுவார். டாக்டர் கைவைத்த இடம்கூடத் திரும்ப வலித்ததுண்டு. இவர் கைவைத்த இடம் திரும்ப ஒழுகியதில்லை.

அப்பேர்ப்பட்டவரை ஓர் ஓவியர் அம்மா கூப்பிட்டனுப்பினார். ஓவியர் என்பது சும்மா மரியாதைக்கு; அவர் தூரிகையைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. வீடு என்றால் நிம்மதி என்று நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவிகளைக் கலங்கடிப்பதற்காக, மாடி வீடொன்றை வாடகைக்குப் பிடித்துக் கண்காட்சி வைத்திருந்தார். கட்டிலில் பாதி சுவருக்குள் போயிருந்தது. நாற்காலிகள் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கின. அடுப்பு குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. பாக்கி இருந்தது ஒன்றுதான்: சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரு குழாய், அதிலிருந்து ஏழு விநாடிக்கு ஒரு சொட்டு, நேராகத் தட்டில் விழ வேண்டும்.

ஒழுகலை நிறுத்தவா, ஒழுக வைக்கவா என்று குழாய்க்காரர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். ஒழுக வைக்கத்தான். வேண்டாமென்று வீடு திரும்பியவரை, பெரிய மனுஷங்க வந்து பார்க்கிற இடம், மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்களே என்று மனைவி திருப்பித் துரத்தினார்.

நாலு நாள் பிடித்தது. சொட்டு விழும்போதெல்லாம் கை தன்னால் போய் இறுக்கிவிடும்; கைக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைக்கவே மூன்று நாள்.

திறப்பு விழாவன்றுதான் சுவரில் அந்த அட்டையைப் பார்த்தார். 'ஒழுகல்' என்று தலைப்பு. கீழே கொட்டை எழுத்தில் அவர் பெயர். எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். உழைப்பாளியின் பெயரை மறைக்கும் அநியாயத்தைத் தன்னால் செய்ய முடியாது என்று ஓவியர் அம்மா கண்கலங்கினார்.

அதற்குள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை வந்துவிட்டார். திங்கட்கிழமை அவருடைய புது வீட்டில் குழாய் வேலை முழுவதையும் குழாய்க்காரர் ஆரம்பிப்பதாக ஏற்பாடு. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அட்டையைப் படித்தார், மேலே பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

“இது உங்க கைவேலையா?”

குழாய்க்காரர் தோளால் அட்டையை மறைக்கப் பார்த்தார்; தலைமையாசிரியை ஓரடி பின்வாங்கினார்.

“திங்கக்கிழமை விஷயம்... கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேங்க.”

அவ்வளவுதான். குழாய்க்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைமேல் ஏறினார். இடுப்பிலிருந்த ஸ்பேனரால் ஒரே திருகு. சொட்டு நின்றது. இதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று வந்திருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. தாடிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓவியர் அம்மா ஓடிவந்து காதில் கிசுகிசுத்தார். “ஐயா, தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து இதையே செய்வீங்களா?”

“செய்றேன். ஆனா ஒழுகவிட்டது யாருன்னு ஒரு பேரு, அடைச்சது யாருன்னு ஒரு பேரு போடணும். ரெண்டும் ஒரே பேரா இருக்கக் கூடாதும்மா.”

ஒழுகவிட்டவர் யாரென்று அவர் ரொம்ப யோசிக்கவில்லை. மனைவியின் தம்பியும் இதே தொழில்தான். அவன் போய்வந்த வீட்டுக்கெல்லாம் பின்னாலேயே இவர் போக வேண்டியிருக்கும். மறுநாள் காலையில் அவனை வரவழைத்தார்கள். ஏழு விநாடிக்கு ஒரு சொட்டு வரவழைக்க அவனுக்கு நாலு நாள் தேவைப்படவில்லை. வழக்கம்போல் ஒரு வாஷர் மாட்டினான், முடிந்தது.

புது அட்டையைப் பார்த்ததும் மச்சினன் உருகிப்போனான். பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைத்து, அட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டான். “என் பேரை முதல்ல போட வெச்சிட்டீங்களே மாமா” என்று கையைப் பிடித்துக்கொண்டான். மாமா வேறு பக்கம் பார்த்தார்.

தலைமையாசிரியையும் மறுபடி வந்தார். இரண்டு பெயர்களையும் நிதானமாகப் படித்தார். திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிடும்படி குழாய்க்காரரிடம் சொன்னார். போன உயிர் திரும்பியது. அப்புறம் தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தினார்.

“சாப்பாட்டு அறைக்கு மட்டும், இதே மாதிரி ஒரு சொட்டுக்கு, உங்க மச்சினன் வருவாரா?”

“அவனுக்கு இப்ப நேரம் இருக்காதுங்க.”

பொய்யுமில்லை. மாடிப்படியில் மூன்று பேர் அவனை வளைத்துக்கொண்டு போன் நம்பர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.