வெள்ளிக்கிழமைச் சாவி

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் கை காயும். ஆம்பூரை ஒட்டிய சின்ன ஊர். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் கை மற்ற ஆறு நாளும் சுண்ணாம்புத் தண்ணீரிலோ பட்டைத் தண்ணீரிலோ ஊறிக்கொண்டிருக்கும். முதலாளிகள் ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்கள் என்பதால் ஷாப்புகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் ஜனங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள், சலவைச் சட்டை போடுவார்கள், தெருவில் நின்று நாலு வார்த்தை பேசுவார்கள். புத்தகம் ஒன்றை எடுத்தால் அது நனையாமல் இருக்கும் நாளும் அது ஒன்றுதான்.

அந்த ஊர்ப் பொது நூலகத்துக்கும் வார விடுமுறை வெள்ளிக்கிழமை.

இதை யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்ல மாட்டேன். எங்கேயோ உட்கார்ந்து, எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே நாளைக் குறித்துவிட்டார்கள். குறித்தவர்களுக்குத் தோல் ஷாப்பு தெரியாது. ஆனால் அந்த நூலகத்தைத் திறந்து, பெருக்கி, பூட்டிக்கொண்டிருந்தவள் நான். எழுபதுகளின் நடுவில் அந்தச் சாவி என் கைக்கு வந்தது. வாரத்தில் ஆறு நாள், ஓய்வுபெற்ற வாத்தியார்களும் வேலை கிடைக்காத பையன்களும் செய்தித்தாளுக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏழாம் நாள், ஊரே ஓய்ந்திருக்கும்போது நானும் வீட்டில் இருப்பேன்.

புதுப் புத்தகங்கள் வருஷத்துக்கு ஒருமுறை கட்டாக வரும். எங்கள் பக்கம் பாலாற்றில் மணல்தான் ஓடும். அந்த ஊருக்கு ஆழ்கடல் மீன்பிடிப்பு பற்றி ஒரே புத்தகத்தின் ஆறு படிகள் வந்த வருஷமும் உண்டு. யாரைக் கேட்டு அனுப்பினீர்கள் என்று கேட்கும் பழக்கம் எங்கள் துறையில் இல்லை. முத்திரை குத்தி, எண் போட்டு, அலமாரியில் அடுக்கினேன்.

நான் தற்காலிகப் பணியாளர். நூலகப் படிப்புக்கான சான்றிதழ் இல்லாதவர்களை நிரந்தரம் செய்ய மாட்டார்கள். நாமாகப் போய்ப் படிக்கவும் முடியாது, போனால் வேலை போய்விடும். மேலிடமே வருஷத்துக்கு ஒருவரைத் தேர்ந்து, சம்பளத்தோடு அனுப்பிவைக்கும். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்வந்து நிரந்தரமாகிவிட்டார்கள். அடுத்தது என் முறை. அதை விட்டால் எனக்கு மறுமுறை கிடையாது, மறு வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். அப்பா தோல் ஷாப்பில் உழைத்து இருமலைச் சம்பாதித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். ஆகவே அந்த ஒரு வருஷத்தை, குழந்தை பண்டிகையை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் வேலூரில் ஒருநாள் பயிற்சி முகாம் நடந்தது. முகாம்களையும் வெள்ளிக்கிழமையில்தான் வைப்பார்கள். நூலகங்கள் மூடியிருக்கும் நாளாம், பணி கெடாதாம். எங்கள் ஓய்வு கெட்டால் அது கணக்கில் வராது. ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில், வேலூர் வெயிலில், ஓடுகிற மாதிரி பாவனை செய்யும் ஒரு மின்விசிறிக்குக் கீழே, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடித்து உட்கார்ந்தோம். கரும்பலகையில் ‘வாசகர்களை ஈர்ப்பது எப்படி?’ என்று எழுதியிருந்தது. வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். அன்றைக்கு என் பங்குக்கு, வாசகர் இல்லாத நூலகம் என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

பாடம் எடுத்தவர் எங்கள் மேலதிகாரி. நன்றாகப் பேசுவார். அதை மறுக்க முடியாது. பேசி முடித்து, “உங்க ஊர்ல என்ன கஷ்டம், மனசைத் திறந்து சொல்லுங்க. பயப்படாதீங்க” என்றார். நான் எழுந்தேன். ஷாப்புக்கு லீவு விடும் நாளும் நூலகத்துக்கு லீவு விடும் நாளும் ஒன்றாக இருப்பதைச் சொன்னேன். படிக்க ஆசைப்படுகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று சொன்னேன்.

அவர் மேசையைத் தட்டினார். “பாத்தீங்களா? இதுக்குத்தான் பயிற்சி வைக்கிறது! நீங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறங்கம்மா. சோதனையா செஞ்சு பாருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

மண்டபம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த நெமிலிப் பக்கத்து நூலகர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர், காதோடு சொன்னார்: “அக்கா, வாயால சொன்னதுக்கு சாட்சி கிடையாது. ஒரு வரி எழுதி வாங்கிடுங்க.”

நானும் விவரம் தெரியாதவள் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் அதிகாரியிடம் போய், “சார், ஆர்டரா ஒரு வரி குடுத்தா நல்லா இருக்கும்” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “ஏம்மா, என் வார்த்தை போதாதா?” என்றார். மேலதிகாரி இப்படிக் கேட்டால், போதாது என்று சொல்லத் தற்காலிகப் பணியாளருக்கு எந்த விதியில் இடம் இருக்கிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்தேன். மற்ற ஆறு நாள் வேலையை நான் குறைக்கவில்லை. ஏழாம் நாளை என் கையிலிருந்து போட்டேன்.

முதலில் வந்தவர் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிற ஓர் அண்ணா. அதற்கு முன்பு என்னைத் தெருவில் எங்கே பார்த்தாலும் சண்டைக்கு வருவார். “இன்னாம்மா, வாரம் முழுக்க கை ஈரம். வெள்ளிக்கிழம ஒரு நாள்தான் காயுது. நீ அன்னிக்கே பூட்டிட்டுப் போய்ட்ற. நாங்க படிக்கக் கூடாதுன்னு எதுனா வேண்டுதலா?” என்பார். அன்று உள்ளே வந்தும் அவர் சண்டையை விடவில்லை. மர்ம நாவல்கள் இருந்த அலமாரியை முழுக்கக் குடைந்துவிட்டு, “எல்லாத்திலயும் கடைசிப் பக்கத்தக் கிழிச்சிருக்கானுங்க. கொலகாரன் யாருன்னு நீ சொல்வியா?” என்றார். சுண்ணாம்பு அரித்து அவர் விரல்நுனிகள் வழுவழுவென்று ஆகிவிட்டிருந்தன. தாளைப் பிடிக்க முடியாமல் விரல் முட்டியால் தள்ளித் தள்ளிப் பக்கம் திருப்புவார்.

அவர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஓரிரு வாரத்தில் கூடம் நிறைந்துவிட்டது. தொழுகை முடிந்து தொப்பியோடு வருகிறவர்கள், மாதாகோயில் தெருக்காரர்கள், காலணியின் மேல்பாகம் தைக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேர், எல்லோரும் வந்தார்கள். உட்கார இடம் பத்தாமல் வராந்தாவில் தரையில் உட்கார்ந்தார்கள். ஆழ்கடல் மீன்பிடிப்பைக்கூட ஒருவர் எடுத்துப் போனார். “கடலு நான் பாத்ததே இல்ல, அதான்” என்று காரணம் சொன்னார். அந்தச் சாயங்காலங்களில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. வேலை என்று ஒன்று செய்கிறோம் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் ஜீப் நின்றது. எங்கள் மேலதிகாரி இறங்கினார். கூடவே மெட்ராஸிலிருந்து வந்த, அவருக்கும் மேலான ஓர் அதிகாரி. வாணியம்பாடிக்குப் போகிற வழியாம். கூட்டத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்து, முகம் நிறையச் சிரிப்போடு எழுந்து வணங்கினேன்.

மெட்ராஸ்காரர் கடிகாரத்தைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்தார். “இன்னைக்கு லீவு ஆச்சே? யார் பர்மிஷன் குடுத்தது?” என்றார்.

நான் எங்கள் அதிகாரியைப் பார்த்தேன். அவர் அலமாரியைப் பார்த்தார்.

“சார்தான் பயிற்சி முகாம்ல திறக்கச் சொன்னாங்க” என்றேன்.

“நானா?” என்றார் அவர். பதறவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. “பொதுவா வாசகர் சேவையைப் பத்திப் பேசினேன் சார். லீவு நாள்ல திறங்கன்னு நான் எப்படிச் சொல்வேன்? ஏம்மா, எழுத்துல ஏதாவது இருக்கா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவர் ஒரு தோட்டத்தையே மறைத்தார். அந்த முகாமில் கைதட்டியவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. வராந்தாவில் இருந்தவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சுண்ணாம்புக் குழி அண்ணா மட்டும் போகாமல், “அவங்க தப்பு இன்னா சார் இதுல? நாங்கதான வந்தோம்?” என்றார். அதிகாரிகள் ஜீப்பில் ஏறினார்கள்.

அடுத்த வாரமே மெமோ வந்தது. அனுமதியின்றி விடுமுறை நாளில் திறந்தது ஒரு குற்றம். அரசு மின்சாரத்தை எரித்தது இன்னொரு குற்றம். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருப்பவரைப் படிப்புக்கு அனுப்ப இயலாது என்று கடைசி வரியில் இருந்தது. மற்ற வரிகளை நான் ஒருமுறைதான் படித்தேன்.

விசாரணை நடக்கும் நடக்கும் என்று காத்திருந்தேன். நடக்கவே இல்லை. தண்டனையும் தரவில்லை, விடுவிக்கவும் இல்லை. அந்த வருஷம் முடிந்தது. எனக்கு வயதும் முடிந்தது. எனக்குப் பதிலாகப் படிக்கப் போனவர் நெமிலிப் பக்கத்துத் தம்பி. பஸ் பிடித்து வந்து, என் முகத்தைப் பார்த்தே சொன்னார். “வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டுமாக்கா?” என்றும் கேட்டார். அவர் எழுதிக் கொடுத்தாலும் எனக்குக் கிடைக்காது, மூன்றாவது ஆள் போவான். போய் வாங்க என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன். அவர்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அவர் போன பிறகு அந்த டம்ளரைக் கழுவும்போது எனக்கு வயிறு எரிந்தது. அப்பா அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தார். படிப்புக்கு எப்போது கிளம்புகிறேன் என்று அவர் பல மாதங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்பதை அவர் நிறுத்தியபோது எனக்கு ஆறுதலாக இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி பூட்டினேன். மெமோவோடு நிற்காமல், விடுமுறை நாளில் திறந்தால் வேலையே போகும் என்று ஆள் மூலமும் சொல்லியனுப்பியிருந்தார்கள். அண்ணா சில வாரம் வந்து, பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அதன் பிறகு தெருவில் பார்த்தால் என்னோடு சண்டை போடுவதையும் விட்டுவிட்டார். “நல்லாக்கிறியாம்மா?” என்பார். அவர் கத்தினால் தேவலை என்று எனக்கு இருக்கும்.

எண்பதுகள் வந்தன. அதற்குள் வேலூர்க் கோட்டைக் கோயிலுக்குச் சாமியே திரும்பி வந்துவிட்டார். எனக்கு நிரந்தரம் வரவில்லை. முகாம்கள் மட்டும் தவறாமல் வந்தன. அறிவு வளர்ச்சிக்கு, சேவை மேம்பாட்டுக்கு, புத்தொளிக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பையும் ஒரு பேனாவும் தருவார்கள். பேனா வீட்டுக்கு வருவதற்குள் நின்றுவிடும்.

அப்படி ஒன்று காட்பாடியில் நடந்தது. பயிற்சி பெறாத பணியாளர்களுக்கான முகாம். பயிற்சி பெறாதவள் என்று என்னை ஆக்கியவரே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் பேச வந்திருந்தார். பதவி உயர்ந்து, தலை நரைத்து, இன்னும் நன்றாகப் பேசக் கற்றிருந்தார். நெமிலிப் பக்கத்துத் தம்பி இப்போது எங்களுக்குப் பாடம் எடுப்பவர்களில் ஒருவர். முன் வரிசையில் இருந்தார். நான் பின்னால் சுவரோரம்.

“வாசகன் எப்போ சும்மா இருக்கானோ, அப்போ நூலகம் திறந்திருக்கணும்” என்று அதிகாரி ஆரம்பித்தார். “ஆம்பூர் பக்கத்துல ஒரு சின்ன ஊர். தோல் தொழிலாளிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. நான் இதைக் கவனிச்சேன். உடனே வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறக்க ஏற்பாடு பண்ணேன். கூட்டம்னா கூட்டம்! வராந்தாவுல உக்காந்து படிச்சாங்க. அவங்க கை எப்படி இருக்கும் தெரியுமா? விரல் முட்டியால பக்கம் திருப்புவாங்க. என் கண்ணால பாத்தேன்.”

அதைக்கூட எடுத்துக்கொண்டுவிட்டார். என்னை மறுத்தபோது வராத கோபம் அப்போது வந்தது. அந்த அண்ணாவின் விரல் முட்டி அவருக்கு ஒரு மேடைப் பேச்சு.

கைதட்டல் எழுந்தது. முன் வரிசையில் தம்பி தட்டவில்லை. திரும்பி என்னைத் தேடினார். நான் அதற்குள் எழுந்து நின்றிருந்தேன்.

“சார், ஒரு சந்தேகம். அந்த நூலகம் இப்பவும் வெள்ளிக்கிழமை திறக்குதுங்களா?”

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பல வருஷம் ஆகிவிட்டது. அவர் கையெழுத்துப் போட்ட மெமோக்களும் அநேகம் இருக்கும்.

“நிச்சயமா” என்றார். “நல்ல திட்டத்தை யாராவது நிறுத்துவாங்களாம்மா?”

இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினேன். பித்தளைச் சாவி, பெரியது, கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

“இன்னிக்கி வெள்ளிக்கிழமைதான் சார்” என்றேன். “நூலகத்துச் சாவி இங்க இருக்கு.”

தலைகள் என் பக்கம் திரும்பின. அவர் என் முகத்தையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பிறகு கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“டீ வந்திருக்கும். குடிச்சிட்டு மேல பேசலாம்” என்றார்.

எல்லோரும் எழுந்து டீக்குப் போனார்கள். தம்பியும் போனார். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் அந்நேரம் தொழுகை முடிந்திருக்கும், ஜனங்களுக்குக் கை காய்ந்திருக்கும்.