வாசம் வேண்டாம், சிவப்பு போதும்

செடி விற்பது சுலபம்; விற்ற செடிக்கு ஆயுசு முழுக்க ஜாமீன் நிற்பதுதான் கஷ்டம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் நர்சரி போட்ட பிறகு நான் கற்றுக்கொண்டது இதுதான். அரபு நாட்டுப் பணத்தில் தெருவுக்குத் தெரு மாடி வீடு எழும்பிய காலம் அது. வீடு எழும்பினால் வாசலில் ரோஜா வேண்டும், அதுவும் லாரியில் வந்து இறங்கும் பெங்களூர் ரோஜாதான் வேண்டும். கடை வைத்துப் பிழைக்கிற யாராவது இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்ளுங்கள்.

போட்டோவுக்கு ஒரு செடி

கல்யாண மருதாணி கூட அழியாத ஜோடி. நசீர் துபாய்க்குக் கிளம்புகிறவர். கூட வந்தது அவர் மனைவி ஜமீலா. போவதற்குள் தன் கையால் வாசலில் ஒரு ரோஜா நட வேண்டும் என்று நசீருக்கு ஆசை. நான் பன்னீர் ரோஜாவைக் காட்டினேன். நம் வெயிலுக்கு அசையாது, மருந்து கேட்காது, வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், பூத்தால் தெருவே மணக்கும். அவர் கண்ணோ பெங்களூர்ச் சிவப்பை விட்டு நகரவில்லை. பூ கிண்ணம் மாதிரி இருக்கும், ஆனால் மூக்கை உள்ளே விட்டாலும் வாசம் கிடையாது.

அந்தச் செடியும் வேரோடு இருக்கிற பன்னீர் ரோஜாத் தண்டில் ஒட்டுக் கட்டியதுதான். ஒட்டுக்கு மேலே இருக்கிற சிவப்பு நம் சித்திரையைத் தாங்காது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“இவ போட்டோ எடுத்து அனுப்புவாக்கா. போட்டோவுல கலர்தானே வரும், வாசமா வரும்?”

வயல் வைத்தியம்

பக்கத்து ஊர் விவசாயி ஒருவர், மகன் சிங்கப்பூரில். என்னிடம் வாங்கிப்போன ரோஜாவெல்லாம் அழுகிவிட்டது என்று சண்டைக்கு வந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். செடியைச் சுற்றி அழகாக வரப்புக் கட்டி, உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்தி, மேலே யூரியாவும் தூவி வைத்திருந்தார். நடவு மட்டும்தான் பாக்கி. ஐயா, இது ரோஜா, வேருக்குக் காற்று வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நெல்லே தாங்குதும்மா, இந்த முள்ளு தாங்காதா?”

அவர் நட்டது

சித்திரை பாதியில் ஜமீலா வந்தாள். சிவப்புக் கிளைகள் நுனியிலிருந்து கருகி வருகின்றனவாம். என்ன போட்டாய் என்று கேட்டேன். டீத்தூள் போட்டாளாம், வடிகட்டியதை அலசாமல், பாலும் சர்க்கரையுமாக. எறும்பு குடும்பத்தோடு குடியேறியிருந்ததாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இனிமேல் வெறும் தண்ணீரும் மக்கிய சாணியும் போதும், ஒட்டுக்குக் கீழேயிருந்து எது முளைத்தாலும் வெட்டிவிடு, விட்டால் அது மேலே இருப்பதைத் தின்றுவிடும் என்று சொன்னேன்.

கடைசியில் பாவமாகவும் இருந்தது. இதே போல இன்னொரு செடி எடுத்துக்கொண்டு போ, நசீருக்கு எங்கே தெரியப் போகிறது என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“அவருக்குத் தெரியாதுக்கா, அல்லாவுக்குத் தெரியுமே. அவரு கையால நட்டது அந்த வீட்ல அது ஒண்ணுதான். வர்ற வரைக்கும் அது உசுரோட இருக்கணும்.”

சிமெண்ட் வாசல்

புது வீட்டுக்காரர் ஒருவர். மண் தெரியக்கூடாது என்று வாசல் முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டு, பராமரிப்பே வேண்டாத ரோஜா கேட்டு வந்தார். வெயில் படுமா? மாடி மறைக்கும். தண்ணீர் ஊற்ற ஆள்? இல்லை. பன்னீர் ரோஜா தாங்கும்தான், அதற்காகக் காற்றைக் குடித்தா வளரும்? தொட்டியாவது வையுங்கள் என்றேன். தலையை ஆட்டினார்.

“வைக்கலாங்க. ஆனா இலை மட்டும் கொட்டக் கூடாது.”

கறுப்பு வெள்ளை

அடுத்த தை மாதம் ஜமீலா மறுபடி வந்தாள், கண்ணெல்லாம் வீங்கி. ஒட்டுக்கு மேலே சிவப்பு மொத்தமும் செத்துவிட்டது. கீழேயிருந்து வந்த தளிரை வெட்டச் சொன்னேனே, வெட்டினாயா என்றேன். பச்சையாக இருப்பதை வெட்ட மனசு வரவில்லையாம். சொன்னதைக் கேட்காதவர்களுக்காகவே கடவுள் என்னைக் கடை வைக்க வைத்தார் போலிருக்கிறது. அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தத் தளிரில் பூத்த பூவை எடுத்து நீட்டினாள். வெளிர் ரோஸ் நிறம். சாணி எரு மணக்கிற என் கடை சட்டென்று வேறு இடமாகிவிட்டது.

பன்னீர் ரோஜா! என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழாதே, வேர் நசீர் நட்ட வேர்தான், நட்டது சாகவில்லை என்றேன். அவளுக்கு உயிர் வந்தது. ஆனாலும் ஒரு கவலை பாக்கி இருந்தது.

“இந்தத் தடவை ஸ்டூடியோவுல கறுப்பு வெள்ளையில எடுக்கச் சொல்லட்டுமாக்கா?”

நசீர் வந்தார்

நசீர் லீவில் வந்தபோது செடி ஜன்னல் உயரம் வளர்ந்து பூத்துக் குலுங்கியது. ஜமீலா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீசல் வாடையைத் தவிர வேறு வாடை தெரியாத தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்தவர், காலையில் எழுந்ததும் அந்தச் செடி பக்கத்தில்தான் போய் நிற்கிறாராம். கடையில் நசீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லும்போது ஜமீலாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கே கண் கலங்கியது.

கலங்கிய கண்ணைத் துடைப்பதற்குள் நசீர், மயிலாடுதுறையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கும் அதே செடி வேண்டும் என்றார். சந்தோஷமாக ஒரு பன்னீர் ரோஜாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தச் செடியின் வேரே இதுதான் என்று ஒட்டைக் காட்டி விளக்கினேன். ஜமீலாவும் சொல்லிப் பார்த்தாள். காவேரித் தண்ணீர் குடித்துத்தான் சிவப்பு வெளுத்து அதற்கு வாசம் வந்தது என்று தெரு முழுக்க அவர் சொல்லி முடித்திருந்தார்.

“ஏமாத்தாதீங்கக்கா. வாங்கும்போது சிவப்பா, வாசமே இல்லாம இருக்கும்ல, அந்த ஒசத்திச் செடிதான் வேணும்.”

ஒரு பெங்களூர் ரோஜாவை எடுத்துக் கொடுத்தேன். அது சீக்கிரம் செத்துப் பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர இந்தத் தொழிலில் எனக்கு வேறென்ன வேலை?