என் மூக்கு சொன்ன பொய்

மாமனாரின் கையில் அந்தக் கண்ணாடித் தம்ளரைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் பாரில் ஆயுசு முழுக்கச் சரக்குக் கலந்து கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் மாலை நான்கு மணியானால் தன் அறையில் சிவப்பாக எதையோ கலந்து வைத்துக்கொண்டு, செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துவிடுவார். "காக்டெயில் நேரம்" என்று அறிவிப்பு வேறு. ஐஸ் வேண்டாமா என்று என் கணவர் கேலி செய்தால், "நம்மூர்ல ரூமே ஐஸ் பெட்டியாத்தானப்பா கெடக்கு" என்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. என் அப்பா குடித்தே செத்தவர். அந்த வாடைக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்து வளர்ந்தவள் நான். மாமனாரின் அறையைக் கடக்கும்போதெல்லாம் அதே வாடை என் மூக்கில் ஏறியது, சத்தியமாக ஏறியது. அதனால் என் ஏழு வயது மகள் நான்கு மணிக்கு மேல் அந்த அறைக்குள் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கதவைத் தானே சாத்திக்கொள்வார். இவள் வெளியே சம்மணம் போட்டு உட்கார, உள்ளேயிருந்து குறிப்பு வரும்.

"மூணெழுத்து. தாமதம் இல்லாம."

"வெரசா!"

"சரிதான் தாயி. ஆனா பேப்பர்காரனுக்கு வெரசா தெரியாதே. விரைவுன்னு போடுவோம்."

இரண்டு வருஷம் தாத்தாவும் பேத்தியும் இப்படிக் கதவு வழியாகவே புதிர் போட்டார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டே சமையலறையில் காய் நறுக்கினேன்.

ஒரு நாள் புதிரின் நடுவே மயங்கி விழுந்தார். "தாத்தா பதிலே சொல்ல மாட்டேங்குறாரும்மா" என்று மகள்தான் ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தவரிடம், குடிப்பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். "இல்லைங்க. நாக்குல பட்டதே இல்லைங்க" என்றார். நான் குறுக்கே பாய்ந்து, "பொய் சொல்றாருங்க டாக்டர். தெனமும் நாலு மணிக்குக் குடிக்கிறாரு" என்றேன். டாக்டர் நான் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மேசைமேல் பாதித் தம்ளர் அப்படியே இருந்தது. கொட்டப் போனவள், என்ன தோன்றியதோ, முகர்ந்து பார்த்தேன். வாடையே இல்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். பிளம்ஸ் சாறு, பால் ஊற்றாத டீ, இஞ்சி, துளி மிளகுத்தூள். அவ்வளவுதான்.

அப்படியானால் இத்தனை நாள் என் மூக்கில் ஏறியது எந்த வீட்டு வாடை? அலமாரி, கட்டிலடி, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் துழாவினேன். ஒரே ஒரு பாட்டிலாவது கிடைத்துவிடாதா என்று தேடினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கிடைக்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன; மகள் இன்று கல்லூரிக்குப் போகிறாள், மாமனாரும் பின்னாளில் காலமாகிவிட்டார். ஆனாலும் அந்த நிமிடம் என்னை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடி, முதலில் டாக்டரிடம் அவர் எழுதிக்கொண்டதைத் திருத்தச் சொன்னேன். பிறகு கட்டிலருகே போய் நின்று, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?" என்று அழுதேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இப்பத்தானம்மா சொன்னேன்" என்றார்.