குகை வாசலில் என் முறை

சண்டைக்கு வரிசையில் காத்திருப்பவர்களை நான் டொராண்டோவில்தான் முதலில் பார்த்தேன். ஞாயிறு மதியம் டேவிட் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்காருவோம். எல்லாரும் ஒரே கிடங்கில் வேலை செய்கிறவர்கள். கட்டம் போட்ட தாளில் டேவிட் ஒரு குகையை வரைந்து வைத்திருப்பான். தாளில் ஆளுக்கு ஒரு பென்சில் புள்ளியாக நாங்கள் அதற்குள் புகுந்து அரக்கர்களோடு மோத வேண்டும். எல்லாம் வாயாலும் பகடையாலும்தான். ஒருவன் வெட்டி முடிக்கும்வரை அடுத்தவன் வாளை வைத்துக்கொண்டு சும்மா இருப்பான். அரக்கனும் தன் முறை வரட்டும் என்று நிற்பான். ஊரில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். கார்த்திகை தீபத்தன்று பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவன் நான். இந்த ஒழுங்கு எனக்குப் பிடிபடப் பல வாரம் ஆயிற்று.

விதி எளிமையானதுதான். ஒரு சுற்றில் ஆளுக்கு ஒரு முறை. முறை வந்தால் ஒரு நகர்வு, ஒரு செயல், அவ்வளவுதான். மோதிக்கொண்டிருக்கும்போது திரும்பி ஓடினால், முதுகில் அரக்கனுக்கு ஒரு வெட்டு இலவசம். அடிபடாமல் விலக ஒரே வழி, பக்கத்தில் இருப்பவர் தன் செயலைச் செலவழித்து அரக்கனின் வெட்டைத் தாங்கி நிற்பது. தாங்குகிறவர் நகர முடியாது. வெளியே போனவன் அடுத்த சுற்றில் திரும்பி வந்து அவரை விடுவிக்க வேண்டும். வராவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், அது அவனவன் இஷ்டம்.

டேவிட் இதைச் சொன்னபோதே எனக்கு என் தங்கை வசந்தாவின் ஞாபகம் வந்தது. அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. அம்மா போன மறுவருஷம் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அதற்கப்புறம்தான் எனக்கு விசா வந்தது. பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத் தயங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவின் கையைத் தன் தோளில் போட்டுக் கொல்லைப்பக்கம் நடத்திப் போனவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நீ போண்ணா. நான் பாத்துக்கறேன். எனக்கு ஆர்டர் வந்தா நீ வந்து அப்பாகிட்ட இரு, போதும்."

அவள் ஆசிரியர் பயிற்சி முடித்து எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து வைத்திருந்தாள். ஏழு வருஷம் கழித்து ஆர்டர் வந்தது. ஜவ்வாது மலைமேல் ஒரு பள்ளிக்கூடம். தினம் போய்வர முடியாது, அங்கேயே தங்கியாக வேண்டும். கெஞ்சி ஒன்றரை மாதம் அவகாசம் வாங்கியிருந்தாள். நான் ஆறு மாதம் வந்து இருந்தால் போதும், அதற்குள் அப்பாவுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வதாக எழுதியிருந்தாள். ஆனால் எனக்கு இங்கே நிரந்தரமாகத் தங்கும் பேப்பர் வரவில்லை. நடுவில் கிளம்பினால் மறுபடி உள்ளே விடுவார்களா என்ற பயம். பேப்பர் வந்ததும் வருகிறேன் என்று பதில் போட்டேன். பொறுப்பான பதில் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு குகையில் மாட்டிக்கொண்டோம். கிடங்கில் என் பக்கத்து மேசையில் பெட்டி ஒட்டும் மார்த்தா தாங்கி நின்றாள், நான் வெளியே வந்துவிட்டேன். அடுத்த சுற்றில் என் முறை. உள்ளே இப்போது இரண்டு அரக்கர்கள். போனால் செத்தாலும் செத்தேன். "காத்திருக்கிறேன்" என்றேன். அதுவும் செல்லுபடியாகும் செயல்தான், ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும்.

"எது வரைக்கும்?" என்றான் டேவிட்.

நான் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவன் விரலை விட்டு எண்ணி, சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, விதியை முதலிலிருந்து விளக்கினான். புரியாதவன் மாதிரியே தலையாட்டி வைத்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. பகடை உருண்டது, மார்த்தாவின் ஆள் செத்துப்போனாள். மார்த்தா கோபமே இல்லாமல் ரப்பரால் அந்தப் பெயரை அழித்தாள். தட்டில் பிஸ்கட் தீர்வதற்குள் புதிதாக ஒருத்தியை எழுதிக்கொண்டாள். விதி புதுசு, பழகிவிடும் என்று என் முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் வசந்தாவின் கடிதம் வந்தது. "ஆர்டரைத் திருப்பி அனுப்பிட்டேண்ணா. அப்பா நல்லா இருக்கார். நீ மனசைப் போட்டு அலட்டிக்காத." பேப்பர் அதற்கு நான்கு மாதம் கழித்து வந்தது. மூன்று வாரம் லீவு கிடைத்தது. டேவிட்டிடம் சொன்னபோது, நீ வரும்வரை உன் புள்ளியை அழிக்க மாட்டேன் என்றான்.

வீட்டுக்குள் நான் நுழைந்தது அப்பா கொல்லைக்குப் போகும் நேரம். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன். அவர் கை என் சட்டையைத் தடவிப் பார்த்தது. பிறகு விலகி வசந்தாவைத் தேடியது.

"வுடுண்ணா," என்றாள் வசந்தா. "அவருக்கு என் தோளுதான் பழக்கம். உனக்கு எத்தினி நாள் லீவு?"

சொன்னேன். "சரி, கை கால் கழுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு, அப்பாவோடு மெல்லக் கொல்லைப்பக்கம் நடந்தாள். அவர் கை படும் இடத்தில் அவள் ரவிக்கை நைந்திருந்தது. நான் நிலைப்படியில் நின்றேன். பின்னால் பெட்டியில் விமானக் கம்பெனியின் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே டேவிட் வீட்டில், கட்டம் போட்ட தாளில், குகை வாசலுக்கு ஒரு கட்டம் வெளியே, என் புள்ளி அப்படியே இருக்கும்.