நடுவில் இருப்பவர்கள்

போன திங்கட்கிழமை ராஜேஸ்வரியை சிங்கப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். கையசைக்கக்கூட அந்தப் பெண் திரும்பவில்லை.

எங்கள் ஊர் காஜா பெராங்கில் அவள் எனக்கு அடுத்த வீடு. லண்டனில் சைக்காலஜி படித்துவிட்டு, மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு ஊர் திரும்பியவள். அங்கேயே இருந்திருக்கலாமே என்று கேட்டோம். இங்கேதான் வேலை இருக்கிறது என்றாள்.

என்ன வேலை? ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போய்த் திரும்பாத ஆண்களின் மனைவிமார். நெஞ்சுவலி, மூச்சிறைப்பு என்று ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடப்பார்கள். டாக்டர் பார்ப்பார், உடம்பில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். ஒன்றுமில்லை என்றால் ஏன் வலிக்கிறது?

அதைத்தான் ராஜேஸ்வரி ஆராயப் புறப்பட்டாள். வாடகைக்கு ஓர் அறை எடுத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்டாள். துக்கம் உடம்பை என்ன செய்கிறது என்று முறையாகப் பார்க்க இரண்டு வருஷமாவது வேண்டும். கைப்பணம் அதற்குள் கரைந்துவிட்டது.

ஊர்ப் பெரியவர்களின் தர்ம நிதி ஒன்று உண்டு. அங்கே பணம் கேட்கப் போனாள்; துணைக்கு நானும் போனேன். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகத்தான் கேட்டார்கள். கடைசியில் தலைவர் கேட்டார்:

“மனசுல வலின்னா கோயிலுக்குப் போகட்டும். உடம்புல வலின்னா டாக்டர்கிட்ட போகட்டும். நடுவுல நீங்க எதுக்கும்மா?”

“நடுவுலதான் ஐயா அவங்க இருக்காங்க.”

அந்த வருஷப் பணம் சுதந்திர நினைவு வளைவுக்குப் போனது. வளைவில் பெயர் பொறிக்கலாம்... காது கொடுத்துக் கேட்பதில் எங்கே பொறிப்பது?

அறையைக் காலி செய்தாள். சிங்கப்பூரில் டீச்சர் வேலை கிடைத்தது. வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள். லெட்சுமி அக்காளிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. செங் கிராமத்திலிருந்து வருகிறவர், அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை. வலது கை மட்டும் நெஞ்சுக்குப் போய் அழுத்திக்கொண்டது. தண்ணீர் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாரே தவிர, குடிக்கவில்லை.

“இத்தன வருசத்துல எம் புருசன் பேரு என்னான்னு கேட்டது அந்த மிஸ்ஸி மட்டும்தான்யா,” என்றார்.

மறு கையிலிருந்த தண்ணீரைத் திண்ணையில் வைத்தார்.

“பாவம், வெசனப்படும். கடுதாசி போட்டீங்கன்னா, அக்காவுக்கு வலி சுத்தமா விட்டுப்போச்சுன்னு எழுதிருங்கய்யா.”

கை இன்னும் நெஞ்சில்தான் இருந்தது.

அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் இந்த வாரப் பத்திரிகைப் பத்தியில் இதை எழுதினேன்.