முக்காடு போட்ட ரீல்

ஆங்கிலப் பாடத்தில் எனக்கு எழுபத்தெட்டுப் புள்ளி கிடைத்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நான் படித்த புத்தளத்துப் பள்ளிக்கூடத்தில் அது பெரிய புள்ளி. வாப்பா அந்தத் தேர்ச்சி அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டித் திரிந்தார். ஆகவே கட்டாரிலிருந்து மாமா அனுப்பிய பெட்டிக்குள் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு கடதாசி இருந்தபோது, அதை வாசிக்க வேறு ஆளைத் தேடவேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது. தெரியாது என்று சொல்லும் பழக்கம் இன்னும் வந்திருக்கவில்லை.

அந்த வருடம்தான் நாங்கள் மன்னார்த் தீவில் இருக்கும் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்திருந்தோம். திரும்பி வந்தோம் என்பது வாப்பாவும் உம்மாவும் சொன்ன சொல். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரோடும் எங்கள் ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவுக்குப் பதினாறு வயது, உம்மாவுக்குப் பதின்மூன்று. அகதியாகப் போன இடத்தில் கலியாணம் முடித்து, என்னையும் பெற்று, சண்டை ஓய்ந்த பிறகு வந்து தங்கள் வளவைத் தேடிப் பிடித்தார்கள். நானோ புத்தளத்தில் பிறந்தவள். பிறக்காத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று ஒருநாள் கேட்டேன். வாப்பா சிரித்தார். உம்மா, “வாய் கூடிப்போச்சு இவளுக்கு” என்றார்.

வளவில் பழைய வீட்டின் சுவர் என் இடுப்பளவுக்கு நின்றது. அதன் பக்கத்தில் தகரம் அடித்த ஒரு கொட்டில்தான் எங்கள் வீடு. மத்தியானத்தில் தகரம் கொதிக்கும்; வெளியே வந்தால், இருக்கிற ஒரே நிழலில் எங்களுக்கு முன்பே இரண்டு கழுதைகள் நின்றிருக்கும். கிணற்றுத் தண்ணீர் உவர். புத்தளத்தில் வகுப்பு வாங்கிலில் என் பக்கத்தில் இருந்த சிநேகிதி, என் இடத்தில் வேறொருத்தி இருந்துவிடாமல் தன் புத்தகப் பையை வைத்துக் காத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். லீவு முடியப்போகிறது. நான் அந்த வாங்கிலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உம்மா என் கட்சி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. காலையில் அடுப்பை மூட்டும்போதே தொடங்குவார். இந்த உவர்த் தண்ணிக்கா வந்தனாங்கள், இந்தத் தகரத்துக்கா வந்தனாங்கள், பேசாமல் புத்தளத்துக்கே போவம் என்று பானையோடும் சட்டியோடும் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு விளங்கவில்லை. வந்த இரண்டாம் கிழமையே எங்கேயோ ஒரு முருங்கைத் தடி வாங்கிவந்து கிணற்றடியில் நட்டிருந்தார். போகப்போகிறவர்கள் ஏன் முருங்கை நடவேண்டும் என்று கேட்டேன். “கோப்பை கழுவின தண்ணி சும்மா ஓடுதே, அதுதான்” என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது.

வாப்பாவின் பாடுதான் பாவம். புத்தளத்தில் இருபது வருடமாக உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் வேலை செய்தவர், தான் கடல்காரன் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவருடைய வாப்பாவின் வள்ளம் போனது போனதுதான். ஊரில் இரண்டொரு வள்ளம் ஓடியது. அதில் ஆள் நிரம்பியிருந்தது. போய்க் கேட்டுவிட்டு வருவார். வந்து கழுதைகளோடு நிழலில் நிற்பார். இதையெல்லாம் தொலைபேசியில் கேட்ட மாமாதான், கரையில் நின்றே மீன் பிடிக்கலாம் மச்சான் என்று சொல்லி, இரண்டு துண்டாக வரும் ஒரு தூண்டில் தடியும் நூல் சுற்றும் ஒரு ரீலும் அனுப்பிவைத்தார். வலையும் கைக்கயிறும் தவிர வேறெதையும் கண்டிராத ஊரில் அந்தப் பெட்டி வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை.

தடியின் இரண்டு துண்டையும் வாப்பாவே பொருத்திவிட்டார். ரீலை எங்கே வைப்பது என்பதில்தான் வேலை நின்றது. நான் கடதாசியையும் என் பள்ளி அகராதியையும் எடுத்துக்கொண்டு பாயில் சம்மணமிட்டு இருந்தேன். முதல் வரியில் ஃபுட் என்று இருந்தது, சீட் என்றும் இருந்தது. இரண்டுமே அகராதி பாராமல் தெரிந்த சொற்கள்.

“ரீலின் காலைக் கதிரையில் வைக்கவும்” என்று வாசித்தேன்.

வாப்பா ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காலா? இதுக்கு எங்க மகள் கால்?”

அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. “முதல்ல கதிரை எங்க எண்டு கேளுங்கோ. இந்த வீட்டில மனிசர் இருக்கவே கதிரை இல்ல.”

அடுத்த வரியில் ஹூட் என்று ஒரு சொல். அகராதியைப் புரட்டினேன். முக்காடு என்று போட்டிருந்தது. எழுபத்தெட்டுப் புள்ளிக்காரிக்கு அகராதியைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? “காலை அசையாத முக்காட்டின் கீழ் தள்ளவும். பின்னர் அசையும் முக்காட்டைக் காலின் மேல் கொண்டுவரவும்” என்று சத்தமாக வாசித்தேன்.

உம்மா அகப்பையோடு வெளியே வந்துவிட்டார். “முக்காடும் போடவேணுமாமோ? அப்ப இது பொம்பிளை ரீல்தான்” என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஊருக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

சிரிப்பு ஓய்ந்த பிறகு நான் தடியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். கைபிடியில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்தின் ஒரு முனையில் சின்ன உலோக மூடி, அது அசையவில்லை. மறு முனையில் அதேபோல இன்னொரு மூடி. அது முன்னும் பின்னும் ஓடியது. அதன் பின்னால் புரி வெட்டிய ஒரு வளையம். ரீலின் அடியில் தட்டையாக நீட்டிக்கொண்டிருந்த தகட்டைப் பார்த்ததும், அதுதான் கால் என்று பிடிபட்டது. தகட்டின் ஒரு நுனியை அசையாத முக்காட்டுக்குள் செருகி, மற்ற நுனியின் மேல் அசையும் முக்காட்டைத் தள்ளி, வளையத்தைத் திருகத் திருக ரீல் கைபிடியோடு ஒட்டிக்கொண்டது. சொல்லெல்லாம் கோணலாக இருந்தும் வேலை சரியாக முடிந்தது. கடைசி வரியையும் வாசித்தேன்: “ஒவ்வொரு முறையும் பாவிக்க முதல் ஆட்டிப் பார்க்கவும். அசைந்தால் மீண்டும் இறுக்கவும்.”

“என்ட மகள் பூட்டினது. ஆட்டிப் பார்க்க என்ன இருக்கு?” என்றார் வாப்பா.

அன்று பின்னேரம் உம்மா தேங்காய் துருவிக்கொண்டே ஒரு பேச்சுப் பேசினார். “இஞ்சேருங்கோ. வெள்ளிக்கிழமைக்கு முதல் அந்தத் தடியால ஒரு நேரக் கறிக்கு மீன் கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு நான் வாய் திறக்கமாட்டன். இவளின்ட பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தையும் எடுத்து இஞ்சயே சேர்ப்பம். இல்லாட்டி ஜும்மா முடியப் புத்தளம் போற வான் வரும், நாங்கள் போறம்.”

நக்கலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். வாப்பா அதை நக்கலாக எடுக்கவில்லை. “சரி” என்றார்.

புதன்கிழமை காலையும் மாலையும் போனார். உடைந்த இறங்குதுறையின் கற்களில் நின்று எறிந்து எறிந்து சுற்றினார். வள்ளத்திலிருந்து இறங்கியவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்துபோகும்போது மறுபக்கம் பார்த்தார்கள்; சிரிப்பைக் காட்டாமல் இருக்கத்தான். ஒரு கிளாத்தி மீன்கூட அகப்படவில்லை. வியாழன் காலையிலும் அப்படித்தான். ஆனால் அன்று திரும்பி வந்தவர், ஒரு பாரை மீன் இரையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனதாகவும், பின்னேரம் கட்டாயம் பிடிப்பேன் என்றும் சொன்னார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்குப் பயம் பிடித்தது.

இனி இருப்பது ஒரே ஒரு பின்னேரம். அந்தப் பாரை வந்துவிட்டால் என் வாங்கில் போய்விடும். வாப்பா மத்தியானம் லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். தடி கொட்டிலின் மூலையில் தண்ணீர்க் குடத்தோடு சாய்ந்து நின்றது. நான் போய் வளையத்தை மறுபக்கம் திருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. ரீல் விழவில்லை; தகட்டின் நுனி முக்காட்டுக்குள் மட்டுமட்டாக நின்றது. பார்த்தால் தெரியாது, ஆட்டினால்தான் தெரியும். வாப்பா ஆட்டிப் பார்க்கமாட்டார், ஏனென்றால் அது நான் பூட்டியது. மீன் இழுக்கும்போது ரீல் கழன்று கடலுக்குள் விழும், நாளைக்கு வான் வரும், உம்மாவுக்கும் சந்தோஷமாக இருக்கும். அதுவரைதான் யோசித்தேன். வாப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் செய்திருக்கமாட்டேன்.

பிறகு மதரசாவுக்குப் போனேன். ஓதுவதில் மனம் நிற்கவில்லை. இரண்டு முறை பிழைவிட்டு ஏச்சு வாங்கினேன். திரும்பி வந்தபோது வாப்பா தடியோடு வாசலில் நின்றார். இரைக்கு இறால் போட்ட தகரப் பேணியை என் கையில் தந்து, “வாறியா மகள்?” என்றார். பேணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பாதி வழியில்தான் தடியைக் கவனித்தேன். ரீல் கைபிடியோடு சேரும் இடத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. மண்ணிறத்தில் மஞ்சள் பூப்போட்ட துணி. மேலும் கீழும் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கியதுபோல ஒரு முடிச்சு. உம்மா அடுப்படியில் போடுகிற முக்காட்டின் துணி அது.

“உம்மாட வேலை” என்றார் வாப்பா, நான் பார்ப்பதைப் பார்த்து. “கடதாசியில முக்காடு போடச் சொல்லியிருக்காம்.” அவருக்கு அது பெரிய பகிடி. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

சூரியன் இறங்கும் நேரம் பாரை வந்தது. தடி வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. வாப்பாவின் கால் கல்லில் வழுக்கியது. நான் மீனைப் பார்க்கவில்லை, அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். துணிக்குள்ளே ரீல் ஆடுவது எனக்குத் தெரிந்தது. இப்போது கழலும், இப்போது கழலும் என்று நின்றேன். நடுவில் எந்த இடத்தில் என்று தெரியாது, கழலக்கூடாது யா அல்லாஹ் என்று கேட்கத் தொடங்கியிருந்தேன். கழலவில்லை. வாப்பா பின்னால் நடந்து நடந்து மணலுக்கு வந்து மீனை இழுத்துப் போட்டார். வள்ளத்துக்காரர் இரண்டு பேர் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். நான் விக்கி விக்கி அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று வாப்பா என் தலையைத் தடவி அவர்களுக்குச் சொன்னார்.

அன்றிரவு உம்மா பாரையைக் கறியாக்கிப் பரிமாறினார். தலையில் அதே முக்காடு. ஒரு முழம் கிழிந்து போய், காதை மூடக் காணாமல் இருந்தது. மீனில் முள் கூட என்றும், தடியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மணல் கொட்டுகிறது என்றும் குறைதான் சொன்னார். வாப்பா எதற்கும் ஓம் ஓம் என்று சிரித்தார். வெள்ளிக்கிழமை வான் வந்து, ஹோன் அடித்துவிட்டு, எங்களை ஏற்றாமல் போனது. அடுத்த கிழமை வாப்பா போய் என் விடுகைப் பத்திரத்தை எடுத்துவந்தார்.

ஏன் துணி கட்டினீர்கள் என்று உம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். “வடிவா இருக்கட்டும் எண்டு” என்றார். ஆங்கிலம் தெரியாத உம்மா, நான் முக்காடு என்று வாசித்ததை அப்படியே நம்பிவிட்டார் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நான் செய்தது யாருக்கும் தெரியாமல் தப்பிவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து மாதத்தில் வாப்பாவை ஒரு வள்ளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தடி துணிக்கட்டோடு முகட்டுக்கு ஏறியது. கல்வீடு கட்டியபோது அந்த முகட்டுக்கு மாறியது. போன வருடம் வீட்டுக்குச் சாயம் பூச எல்லாவற்றையும் இறக்கியபோதுதான் அதை மறுபடி கையில் எடுத்தேன். உப்பேறி இறுகிப்போயிருந்த முடிச்சைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். உள்ளே வளையம் நான் விட்ட இடத்திலேயே நின்றது. எண்ணெய் விட்டுத் திருகிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது சுற்றில்தான் பிடித்தது.

அப்படியானால் உம்மா வளையத்தைத் தொடவே இல்லை. எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமலா, இறுக்கினால் நான் மறுபடி தளர்த்துவேன் என்றா, அல்லது வாப்பாவின் கண்ணில் படாமல் என் வேலையை மூடிவிடத்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உம்மா கிணற்றடி முருங்கையில் கீரை முறித்துக்கொண்டு வந்தார். என் கையில் இருந்த துணியைப் பார்த்தார். “அத ஏன் வெட்டினாய்?” என்றார், பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

ஆட்டிப் பார்க்காதவருக்கு அந்த ரீல் தளர்ந்திருப்பது தெரிய வழியே இல்லை. நான் சத்தமாக வாசித்த கடைசி வரியை அந்தக் கொட்டிலில் ஒரே ஒருவர்தான் காதில் வாங்கியிருக்கிறார். வாப்பா புறப்படும் ஒவ்வொரு முறையும், யாரும் பார்க்காத நேரத்தில், புத்தளத்துக்கே போவம் என்று முணுமுணுத்தபடி என் உம்மா அதை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.