கோப்பாய்க்குத் திரும்பப் போன சப்பாத்துப் பெட்டி

யாழ்ப்பாணம் போக எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஆடி மாதத்தில் கீரிமலையில் நீராட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அது ஒன்று. மற்றது ஒரு பலகைப் பெட்டி. கீரிமலை என்று கேட்டபோது எங்கள் துரை விடுமுறை தரவில்லை. பெட்டி என்றதும் தானாகவே தந்தார். இப்படித்தான் 1936 ஆடியில் எனக்குத் தீர்த்தமாடக் கிடைத்தது.

நான் கொழும்பில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் மலாயாப் பகுதியைப் பார்க்கிறவன். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்கள் ஊருக்கு அனுப்பும் பெட்டிகளைக் கப்பலில் இருந்து இறக்கி, சுங்கத்தில் திறந்து காட்டி, தீர்வை கட்டி, மறுபடி ஆணி அடித்து, யாழ்ப்பாணத்துக்கு ரயிலேற்றிவிடுவது என் வேலை. ஊரில் கிடைக்காத சாமான் என்று நினைத்து அனுப்புவார்கள். திறந்தால் யாழ்ப்பாணம் பெரியகடையில் தொங்குகிற அதே குடையாக இருக்கும். பெட்டிமேல் 'அவசரம்' என்று எழுதுவார்கள். கப்பலுக்கு அவசரம் தெரியாது. மழை பெய்தால் சாமான் அடுக்கும் கிட்டங்கி ஒழுகும், கப்பல் பிந்தினால் எனக்கு ஏச்சு விழும். இதுதான் என் அன்றாடம்.

பெட்டி வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். வந்த பெட்டியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். கோப்பாயில் இருக்கும் மனோன்மணி என்ற பெண்ணுக்கு, பினாங்கில் ரயில்வே கிளாக்கராக இருக்கும் அவர் கணவர் அனுப்பிய பெட்டி அது. உள்ளே பிள்ளைக்கு ஒரு சோடி சப்பாத்து, இரண்டு யார் நீளச் சீத்தைத் துணி, ஒரு பிஸ்கற் பேணி. “மாறி வந்திட்டுது” என்று சொல்லி, மனோன்மணியின் தமையனார் அதை மறுபடி ஆணி அடித்து யாழ்ப்பாண ஸ்டேஷனில் கொண்டுவந்து போட்டுவிட்டாராம். பெட்டி கொழும்புக்கே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டது. இலக்கத்தைப் பார்த்தேன், சரி. முத்திரையும் சரி. பெட்டி மாறினது என்று ஊரில் கதை பரவினால் கந்தோரின் பெயர் கெட்டுவிடும், நேரே போய்க் கேட்டுவிட்டு வா என்றார் துரை.

இரவு மெயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டேன். சாமான் வண்டியில் போட்டால் என்ன ஆகும் என்று மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அனுராதபுரம் வரை தூங்குங்கள், ஆனையிறவில் மட்டும் தூங்காதீர்கள். விடிகிற நேரத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் வண்டி. பக்கத்தில் இருந்த பெரியவர் அந்த நேரம் பார்த்து என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். அவரையும் எழுப்பிக் காட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

யாழ்ப்பாண நகரில் இருந்து பருத்தித்துறை வீதியில் கோப்பாய் நாலு மைல். பஸ்ஸுக்குப் பத்துச் சதம். பெட்டிக்கு மேலும் ஐந்து சதம் கேட்டார் சாரதி.

“பெட்டிக்குள்ளை என்ன?” என்றார்.

“சப்பாத்து.”

“ஆற்றை?”

“அதைக் கேக்கத்தான் போறன்.”

அதன் பிறகு கோப்பாய் வரும்வரை அவர் என்னோடு கதைக்கவில்லை.

மனோன்மணியின் வீட்டை விசாரித்துப் போனபோது தமையனார் சின்னத்தம்பி தோட்டத்துக் கிணற்றில் துலா மிதித்துக்கொண்டிருந்தார். துலா மரத்தின் மேல் அவர் முன்னும் பின்னும் நடக்க, தண்ணீர் அள்ளும் பட்டை கிணற்றுக்குள் இறங்கி ஏறியது. கீழே ஒருவர் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினார். நான் யார் என்று சொன்னதும் அவர் மேலே நின்றபடியே சத்தம் போடத் தொடங்கினார். ஆனால் நடையை நிறுத்த முடியாது, மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் போக வேண்டும். அதனால் கோபம் என்னிடம் பாதி வரும், மீதி அவரோடு அந்தப் பக்கம் போய்விடும்.

“உந்தப் பெட்டியை இஞ்சை வைக்கவேண்டாம். கொண்டுபோய்ச் சேரவேண்டிய வீட்டிலை குடுங்கோ!”

“சேரவேண்டிய வீடு இதுதான், அண்ணை. முத்திரையும் சரி, இலக்கமும் சரி.”

“இலக்கம் சரியாய்த்தான் இருக்கும். பிள்ளைதான் பிழை!”

கோபத்தின் உச்சியிலும் மரியாதைக்கு 'ங்கோ' போடாமல் பேசத் தெரியாத ஊர் எங்கள் ஊர். கடைசியில் அவர் இறங்கி வந்து, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“என்ரை மருமோளுக்கு நாலு வயது. உது பத்து வயதுப் பிள்ளையின்ரை சப்பாத்து. மச்சான் கலியாணத்துக்கு முந்தியே ஆறு வருஷம் பினாங்கிலை இருந்தவன். அங்கை ஒரு சோடி, இஞ்சை ஒரு சோடி எண்டு வாங்கியிருக்கிறான். பெட்டியிலை வைக்கேக்கை மாறிப்போச்சு. நீங்களே கணக்குப் பாருங்கோ.”

கணக்குப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. என் பகுதியிலும் இப்படியான சங்கதிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே மனிதர் ஒரே கப்பலில் இரண்டு ஊருக்கு, இரண்டு பெண்களின் பெயருக்குப் பெட்டி அனுப்புவார். நாங்கள் இரண்டையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்போம், வாய் திறக்க மாட்டோம்.

மனோன்மணி வாசலுக்கு வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்து முகம் கழுவி வந்தது தெரிந்தது. இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார், தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதன் பிறகுதான் கேட்டார்.

“அண்ணை, பினாங்கிலையும் உங்கடை கந்தோர் இருக்குத்தானே. உங்களுக்குத் தெரியாமல் இராது. அவருக்கு அங்கை வேறை ஆரும் இருக்கினமோ?”

“எனக்குத் தெரியாது, தங்கச்சி,” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் பொய் சொன்னவன் போலத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்து துடக்குக் கழித்த கையோடு கப்பலேறிய மனிதர் அவர். நாலு வருடமாகக் கடிதம் மட்டும் வருகிறது. 'வாற தைக்கு வாறன்' என்று ஒவ்வொரு வருடமும் எழுதுகிறாராம். பெட்டிக்குள் கடிதம் வைக்க எங்கள் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே அதற்குள் சப்பாத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, தபாலில் வந்த கடிதங்களிலும் இல்லை.

பெறுநர் முன்னிலையில் திறந்து காட்டாமல் நான் திரும்ப முடியாது என்று சொல்லி ஆணியைக் கழற்றினேன். சப்பாத்தை எடுத்து வெளியே வைத்தேன். கறுப்புத் தோல், மேலே வார், பித்தளைக் கொளுக்கி. பெரிதுதான். சின்னத்தம்பி “பாத்தியளே?” என்று மறுபடி தொடங்கினார். மாறினது பினாங்கிலா கொழும்பிலா என்று நானும் அவரும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தோம். அப்போது முற்றத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டது.

பிள்ளை பவளம். நாங்கள் பார்க்காத நேரத்தில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மாமரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் லொடலொடத்தது. ஆனால் கழலவில்லை.

மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். பத்து வயதுச் சப்பாத்து நாலு வயதுக் காலில் இரண்டு அடி ஓடினாலே கழன்று விழுந்திருக்க வேண்டும். மனோன்மணி ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி, ஒரு சப்பாத்தைக் கழற்றி உள்ளே கையை விட்டார். நுனியில் துணி. மடித்துத் தைத்த சின்னச் சின்னத் திண்டுகள், ஒன்றின் பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் தனி நூலில். இழுத்தால் ஒன்று மட்டும் வரும்படி தைத்திருந்தது. ஆம்பிளைத் தையல், கோணல் மாணலாக, ஆனால் இறுக்கமாக.

ஒன்றை இழுத்து வெளியே எடுத்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பச்சைக்கரை,” என்றார். “அண்ணை, இது அவற்றை வேட்டி. கலியாணத்துக்கு எங்கடை ஐயா எடுத்துக் குடுத்தது. ஐயோ, நல்ல வேட்டியை வெட்டிப்போட்டாரே!”

ஏசிக்கொண்டே சிரித்தார்.

இனிச் சப்பாத்து ஏன் இவ்வளவு பெரிதானது என்று சொல்ல வேண்டும். அளவை நூலில் எடுத்து, குதிக்கு ஒரு முடிச்சு, பெருவிரலுக்கு ஒரு முடிச்சு போட்டு மலாயாவுக்கு அனுப்புவது இங்கே வழக்கம். நூல் போய், சப்பாத்து தைத்து, எங்கள் கப்பலில் ஆடி அசைந்து வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். போன வருடத்துச் சப்பாத்து வந்தபோது காலில் ஏறவே இல்லை.

“அதாலை இந்த முறை நான் ஒரு நெல்லு நீளம் கூட விட்டு முடிஞ்சனான்,” என்றார் மனோன்மணி.

சின்னத்தம்பி தலையைச் சொறிந்தார். “தபாலிலை போடப் போகேக்கை நானும்… கொஞ்சம் தள்ளி முடிஞ்சனான்.”

“அண்ணை!”

“பிள்ளை வளருவாளெல்லோ எண்டுதான்…” அந்தக் கோபக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பிஸ்கற் பேணியைத் திறக்கத் தொடங்கினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மச்சான்மீது சுமத்திய குற்றத்தில் ஒரு பங்கு தன்னுடைய முடிச்சிலேயே இருந்ததே!

மனோன்மணி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார். மற்றத் திண்டுகளையும் விரலால் தடவிப் பார்த்தார். மற்றச் சப்பாத்திலும் பார்த்தார்.

“மூண்டு,” என்றார்.

“என்ன மூண்டு?” என்றார் தமையன்.

“வருஷத்துக்கு ஒரு நெல்லு நீளம்தான் கால் வளரும். அவரும் தன்ரை பங்குக்கு மூண்டு நெல்லு கூட விட்டு வாங்கி, வருஷத்துக்கு ஒண்டாய்க் கழட்டச் சொல்லித் தைச்சிருக்கிறார். வாற தைக்கு வாறதெண்டால் ஒண்டு போதுமெல்லோ, அண்ணை.”

மலாயாவில் சம்பளம் வெட்டி, ஆட்களையும் வேலையால் நிறுத்திய காலத்தில் இருந்து விடுமுறைக்கு வராமலே இருப்பவர்கள் எத்தனையோ பேர் என்று எனக்குத் தெரியும். விடுமுறையில் வந்தால் திரும்பும்போது உத்தியோகக் கதிரை இருக்குமோ என்ற பயம். அதைக் கடிதத்தில் எழுத அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. வேட்டியைக் கிழித்துத் தைத்துவிட்டார்.

மனோன்மணி எடுத்த திண்டை மறுபடி உள்ளே வைத்து, பிள்ளையின் காலில் சப்பாத்தைப் போட்டு, வாரைக் கொளுவிவிட்டார். எனக்குச் சாப்பாடு போடாமல் விடவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை. கொழும்பில் எந்தக் கடையிலும் இப்படி ஒரு சாப்பாடு கிடைக்காது. புறப்படும்போது, “நாளைக்கு எந்த வண்டியிலை போறியள்?” என்று கேட்டார். காங்கேசன்துறையில் இருந்து பின்னேர வண்டி என்றேன்.

மறுநாள் கீரிமலை. காங்கேசன்துறை ஸ்டேஷனில் இருந்து இரண்டு மைல், மாட்டு வண்டிலுக்கு இருபத்தைந்து சதம். முப்பது கேட்பார்கள், கொடுக்காதீர்கள். கேணிக்கு ஒரு பக்கம் கடல், உப்பு அலை சுவரில் வந்து அடிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் ஊற்றுத் தண்ணீர், குளிர்ச்சியாக, நன்னீராக. காலையிலேயே போய்விடுங்கள். ஆடி அமாவாசை அன்று போவதென்றால் கூட்டத்தில் செருப்பு உங்களுடையதாகத் திரும்பி வராது. நீராடி, நகுலேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு, மதிலோரம் நெடுநேரம் இருந்தேன். எத்தனை ஆயிரம் பெட்டிகளுக்கு ஆணி அடித்திருக்கிறேன், ஒன்றிலாவது உள்ளே கையை விட்டுப் பார்த்தேனா என்று நினைத்தபோது மனம் கனத்தது.

மலாயாவுக்கு அளவு நூல் அனுப்புகிறவர்களுக்கு ஒரு புத்திமதி: வீட்டில் ஒருவர் மட்டும் அளவைக் கூட்டி விடுங்கள். யார் என்று முதலே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தமையன்மாரிடம் தபாலைக் கொடுக்காதீர்கள்.

பின்னேர வண்டி கொண்டாவிலில் நின்றபோது வெளியே “கந்தோர் அண்ணை!” என்று கூப்பிட்டது கேட்டது. மனோன்மணி நின்றார். கொஞ்சம் தள்ளி வண்டிலோடு சின்னத்தம்பி. பவளம் மேடையில் சப்பாத்துக் காலால் ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தாள். மனோன்மணி ஜன்னல் வழியாக ஒரு சின்னத் தடியில் சுற்றிய நூலை நீட்டினார்.

“இதை உங்கடை ஆக்களைக் கொண்டு அவற்றை கையிலை சேர்ப்பியுங்கோ.”

“மறுபடி காலளவோ?”

“இல்லை. பிள்ளையின்ரை உயரம். உச்சியிலை இருந்து குதி வரைக்கும்.”

“கூட விட்டிருக்கிறியளோ?” என்று கேலியாகக் கேட்டேன்.

“ஒரு நெல்லுக்கூட விடேல்லை,” என்றார். “இதுக்கு ஒண்டும் வாங்கி அனுப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ. சும்மா சுவரிலை பிடிச்சுப் பாக்கட்டும்.”

வண்டி புறப்பட்டது. கொக்குவில் வருவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. நூலைப் பிரித்து, ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு ஜன்னலோரம் நேரே பிடித்துப் பார்த்தேன். ஜன்னலின் கீழ்ச்சட்டத்துக்கு மேலே நாலு விரல் வந்தது. தகப்பன் பார்க்கும் முன்னே நான் பார்த்துவிட்டேனே என்று வெட்கமாகப் போயிற்று. முன்போலவே தடியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.